புது வியாபாரமும் காரியஸ்தர் நியமனமும்

(ஆலங்குளத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



புதிதாக வியாபாரம் தொடங்க விரும்பும் நம் வாலிபர்களுக்கு உபயோகமாக ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டபொழுது, முதல் திரட்டும் வகையைப் பற்றியோ, சரக்குக் கொள்முதலைப் பற்றியோ நான் பேசக்கூடுமென்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவ்விஷயங்களை என்னிலும் நன்கறிந்தவர்கள் இச்சபையின் முன்வரிசையிலேயே வீற்றிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. ஆயினும் பணத்தையும் நித்திரையையும் இழந்து நான் கற்றுக்கொண்டது. புது வியாபாரம் தொடங்குபவன், சர்க்காரும் கோர்ட்டும் அவ்வியாபாரத்தின் பெயருக்கு அனுப்பும் நோட்டீஸுகளைத் தன் பொருட்டுப் பெற்றுக்கொள்ள எவரை நியமிப்பது என்பதே அவ்விஷயம்.

ஏஜெண்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் ஊர்க்காரர்களுக்கு இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்கும் கம்பெனி ஏஜெண்டும், காய்கறியை ஏலம் போட்டுக் கமிஷன் எடுத்துக்கொள்ளும் மார்க்கெட்டுக் கடைக்காரரும் ஞாபகத்திற்கு வருவார்கள். நான் பேசப்போவது அவர்களைப் பற்றியன்று. விற்கவும் வாங்கவும் உரிமையின்றி, வந்த கடிதத்தை வாங்கி உடையவனிடம் சேர்ப்பிக்கும் ஒரே வேலைக்காக உள்ள ஆளைப் பற்றியே பேசுகிறேன். அவரைக் காரியஸ்தர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்; நம் முன்னோர் வழங்கிய சொல் அதுதான்.

முதலில் என் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் தமையனார் குமாரனும் நானும் கூட்டாக ஒரு மொத்தக்கடை தொடங்கினோம். ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் ஜெராக்ஸ் கடையொன்றின் ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் காகிதங்களைக் கொடுத்தோம். அவர் கூலி சல்லிசு, பேச்சு இனிமை. மூன்றே தினங்களில் நம்பர் வந்துவிட்டது. நாங்கள் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கல்லாவுக்கு மேல் சாமி படத்திற்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுச் சரக்கு விற்கப் போய்விட்டோம். விண்ணப்பத்தில் கைபேசி எண் என்னுமிடத்திலும் மின்னஞ்சல் என்னுமிடத்திலும் அவர் தம்முடையவற்றையே எழுதியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்பொழுது நாங்கள் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். ‘வேலை சுலபமாயிற்று’ என்றே மகிழ்ந்திருப்போம்.

இரண்டு வருஷங் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில், சரக்குக்குப் பணம் அனுப்ப பாங்கிக்குப் போன பையன் வெறுங்கையுடன் திரும்பி வந்தான். வரி பாக்கிக்காக எங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதென்று மானேஜர் சொன்னாராம். விசாரித்ததில் வெளிப்பட்ட விவரம் இதுதான்: ஒரு மாதத்து விற்பனை விவரத்தில் ஒரே பில் இரண்டு முறை ஏறிவிட்டது. அதனால் விற்பனைக் கணக்குக்கும் கட்டிய வரிக்கும் வித்தியாசம் விழுந்தது. அதற்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ், பிறகு ஒரு நினைவூட்டு, பிறகு நேரில் ஆஜராக ஒரு தேதி, முடிவில் வரியும் வட்டியும் அபராதமும் விதித்து ஓர் உத்தரவு, இவ்வளவும் முறைப்படியே நடந்திருந்தன. எல்லாம் சர்க்காரின் இணையதளத்தில் எங்கள் பெயரால் கிடந்தன. எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு அந்த மனிதருடைய கைபேசிக்கே போயிற்று. அவரோ மேஜையை எடுத்துக்கொண்டு வேறு ஜீவனம் தேடி எங்கோ போய்விட்டார். எங்கள் பேரேட்டைத் திறந்து காட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் விஷயம். பேரேடு பீரோவில் பத்திரமாகவே இருந்தது. அதைக் கேட்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 107-ம் பிரிவின்படி அப்பீல் செய்துகொள்ள உத்தரவு கிடைத்த நாள் முதல் 3 மாதம். தக்க காரணம் காட்டினால் மேற்கொண்டு 1 மாதம். தொகையை வசூலிக்கத் தொடங்குவதும் சாதாரணமாக 3 மாதம் கழிந்த பிறகே என்று 78-ம் பிரிவு கூறுகிறது. ஆகவே, பாங்கிக் கணக்கு முடங்கிய பின்னரே செய்தியை அறிகிறவனுக்கு, அறியும்பொழுதே அப்பீலின் கதவு பெரும்பாலும் அடைபட்டுப்போயிருக்கும். எங்களுக்கு 4 மாதமும் கடந்திருந்தது. மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய் ரிட் மனுப் போடவேண்டியதாயிற்று. கோர்ட்டார் கருணையுடன் உத்தரவை ரத்து செய்து, வரியில் ஒரு பங்கைக் கட்டினால் மறுவிசாரணை என்று விட்டார்கள். 2023, 2024-ம் வருஷங்களில் இப்படி ‘இணையதளத்தில் போட்டது எங்களுக்குத் தெரியாது’ என்று சென்னையிலும் மதுரையிலும் வந்து நின்ற வியாபாரிகள் ஏராளம். வரியில் 10 சதவீதம், 25 சதவீதம் என்று கட்டச் சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பிய தீர்ப்புகள் பல இருக்கின்றன. கருணை கிடைத்ததென்பது மெய்யே. ஆயினும் வக்கீல் பீஸும், மதுரைக்குப் பஸ் சத்தமும், கணக்கு முடங்கியிருந்த நாட்களில் கொள்முதல்காரரிடம் பட்ட அவமானமும் எந்தத் தீர்ப்பினாலும் திரும்பி வருவனவல்ல.

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பலாமே என்று சிலர் எண்ணக்கூடும். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 229-ம் பிரிவில், காரியஸ்தருக்கு அவர் பார்க்கும் காரியத்தில் கிடைத்த நோட்டீஸ் எசமானனுக்கே கிடைத்ததற்குச் சமானமென்று விதித்திருக்கிறது. 1932-ம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டத்தின் 24-ம் பிரிவும் அப்படியே: கூட்டு வியாபாரத்தில் வழக்கமாகக் காரியம் பார்க்கும் ஒரு பங்காளிக்குக் கொடுத்த நோட்டீஸ் கூட்டு முழுமைக்கும் கொடுத்ததாகவே கருதப்படும். கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பி மேஜை டிராயரில் போட்டு மறந்த கடிதத்திற்கு, சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனும் ஜவாப்தாரி. ஆகையால் காரியஸ்தரை நியமிப்பதென்பது நம்முடைய காதை ஒருவரிடம் கழற்றிக் கொடுப்பது போன்றதேயாகும்.

இவ்வேற்பாடு புதியதன்று. வெளிநாட்டுக் கம்பெனி இந்தியாவில் வியாபார ஸ்தலம் வைத்தால், அதன் பொருட்டு நோட்டீஸும் கோர்ட்டுச் சம்மனும் பெற்றுக்கொள்ள இங்கே வசிக்கும் ஒருவருடைய பெயரையும் விலாசத்தையும் ரிஜிஸ்திராரிடம் எழுதிக்கொடுக்க வேண்டுமென்று 1913-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்திலேயே விதி இருந்தது. இப்பொழுது அமலிலுள்ள 2013-ம் வருஷத்துச் சட்டத்தின் 380-ம் பிரிவும் அதையே கேட்கிறது. அமெரிக்காவிலோ உள்நாட்டுக் கம்பெனியும் பெரும்பாலான மாகாணங்களில் இத்தகைய ‘ரிஜிஸ்டர்டு ஏஜெண்டு’ ஒருவரை வைத்தே தீரவேண்டும். அவருக்குத் தபால் பெட்டி எண் போதாது. தெருவும் கதவிலக்கமும் உள்ள விலாசம் வேண்டும். வியாபார நேரத்தில் அங்கே ஆள் இருக்கவேண்டும். டெலவேர் மாகாணத்தில் வில்மிங்டன் நகரத்து நார்த் ஆரஞ்சு வீதியில் 1209-ம் எண்ணுள்ள ஒரு சாதாரணக் கட்டிடம் உண்டு. 2012-ம் வருஷத்தில் 2,85,000 வியாபாரங்களுக்கு அதுவே விலாசமாயிருந்ததென்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவு கம்பெனிகளும் அங்கே குடியிருக்கவில்லை. கடிதம் வாங்கும் காரியஸ்தர்தான் அங்கே இருக்கிறார். அவர் வாங்கிய சம்மனை உடையவனுக்கு அனுப்பத் தவறினால், கோர்ட்டு பிரதிவாதி ஆஜராகவில்லையென்று ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடும். அந்த நாட்டில் தொழில் தொடங்க உத்தேசிக்கும் நம் பிள்ளைகள் இருப்பின், வருஷக் கட்டணத்தில் இருபது டாலர் மிச்சம் பிடிப்பதைவிட, கடிதம் வந்த அன்றே நகல் அனுப்புகிறாரா என்பதையே முதலில் விசாரிக்கவேண்டும்.

சிங்கப்பூர் விஷயம் நமக்கு இன்னும் சமீபம். தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சென்ற முஸ்லிம் சகோதரர்கள் அங்கே நெடுங்காலமாகக் குடியேறி வாழ்வதை நீங்கள் அறிவீர்கள். நம்மவர்களும் இப்பொழுது போகிறார்கள். அங்கே கம்பெனி ரிஜிஸ்டர் செய்த 6 மாதத்திற்குள் அந்நாட்டில் வசிக்கும் ஒரு செக்ரெடரியை நியமிக்கவேண்டும்; ஒரே டைரக்டர் உள்ள கம்பெனியில் அவரே செக்ரெடரியாகவும் இருக்கலாகாது; டைரக்டர்களில் ஒருவராவது அங்கே வாசம் செய்பவராயிருக்கவேண்டும். இந்தக் கடைசி விதிக்காகக் கூலிக்குப் பெயர் கொடுக்கும் டைரக்டர்கள் அங்கே ஏற்பட்டார்கள். 2024-ம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஜூன் முதல் அதற்கும் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். ‘உன் பெயரை மட்டும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்று எவரேனும் நம் வாலிபரிடம் சொன்னால், அவர் கேட்பது பெயரை மட்டுமன்று. நம் மாகாணத்திலேயே ஆதார் அட்டையையும் பான் அட்டையையும் அறியாமற் கொடுத்துவிட்ட கூலித் தொழிலாளர்களுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோமல்லவா?

நிற்க. இந்தியாவில் உள்நாட்டுக் கம்பெனிக்கு அமெரிக்காவைப்போல் தனிக் காரியஸ்தர் வேண்டுவதில்லை. அதன் ஸ்தானத்தில் ‘பதிவு அலுவலகம்’ என்பது இருக்கிறது. 2013-ம் வருஷத்துச் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி, கம்பெனி ஏற்பட்ட 30 நாட்களுக்குள், கடிதங்களைப் பெற்று ஒப்புக்கொள்ளத்தக்க ஓர் அலுவலகம் இருந்தாக வேண்டும். அதன் வெளியே கம்பெனியின் பெயர் அவ்வூரில் வழங்கும் பாஷையின் எழுத்திலும் இருக்கவேண்டும். அதாவது ஆலங்குளத்தில் தமிழில் பலகை வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 1 லட்சம் வரையில் தண்டனை. கம்பெனி மெய்யாகவே அங்கே நடக்கிறதா என்று நேரில் வந்து பார்க்கவும், நடக்கவில்லையெனில் பெயரை நீக்க நடவடிக்கை தொடங்கவும் ரிஜிஸ்திராருக்கு 2019-ம் வருஷத்துத் திருத்தம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. இப்படியிருக்க, நம் பிள்ளைகளிற் சிலர் ஆடிட்டர் ஆபீஸ் விலாசத்தையே தம் கம்பெனியின் விலாசமாக எழுதிவிடுகிறார்கள். ஆடிட்டர் வீடு மாறுவார்; பழைய விலாசத்தில் தபால்காரர் நோட்டீஸைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போவார். 2017-ம் வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்களைச் சர்க்கார் பட்டியலிலிருந்து நீக்கியதும், 3 வருஷம் தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனிகளின் டைரக்டர்கள் 5 வருஷத்துக்கு அப்பதவிக்குத் தகுதியற்றவர்களானதும் உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். அவற்றிற் பெரும் பகுதி வெற்றுக் கம்பெனிகளே என்றார்கள். இருக்கலாம். ஆயினும் எச்சரிக்கைக் கடிதம் சேராமையால் மட்டும் அகப்பட்டுக்கொண்ட சாதுக்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள் என்றே என் மனத்திற்குத் தோன்றுகிறது.

ஆனால் இங்கே கூடியிருப்பவர்களிற் பெரும்பாலோர் கம்பெனி வைப்பவர்கள் அல்லர். தனிக்கடையும் கூட்டுக்கடையும் வைப்பவர்கள். சரக்கு விற்பனை வருஷத்திற்கு 40 லட்சத்தைத் தாண்டினாலோ, வெளிமாநிலத்துக்கு வரியுள்ள சரக்கு அனுப்பினாலோ அவர்கள் ஜி.எஸ்.டி. பதிவுக்கு வந்தாகவேண்டும். கேரளத்துக்கு லாரி ஏற்றும் நம் ஊரில் இரண்டாவது காரணமே பலருக்கும் பொருந்தும். அவர்களுக்குக் காரியஸ்தர் என்பவர், பதிவில் எவருடைய கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் ஏறியிருக்கின்றனவோ அவரே. சீட்டு எழுதி முத்திரை போட்டு நியமிக்காவிட்டாலும் அவர்தான் நம் காது.

ஆகையால் அந்த எண் வியாபாரம் உடையவனுடைய எண்ணாகவே இருக்கவேண்டும் என்பது என் துணிபு. கணக்கு எழுதவும் ரிடர்ன் தாக்கல் செய்யவும் வேறொருவரை வைத்துக்கொள்ளலாம்; வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். சர்க்கார் பரீக்ஷையில் தேறிப் பதிவு பெற்ற ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர்கள் இருக்கிறார்கள், சார்ட்டர்டு அக்கவுண்டண்டுகள் இருக்கிறார்கள். பிராக்டிஷனரை இணையதளத்தின் மூலமாகவே நியமிக்கலாம், வேண்டாதபொழுது நீக்கலாம். நம் கடவுச்சொல்லை அவருக்குக் கொடுக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒன்று: அவர் எழுதியதில் பிழையிருந்தால் அதற்குரிய பொறுப்பு வியாபாரியையே சாருமென்று 48-ம் பிரிவு தெளிவாகக் கூறிவிட்டது. ‘ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்’ என்று நாம் தினமும் சொல்லும் வாக்கியத்திற்குச் சட்டத்தில் இடமேயில்லை.

எப்படிப்பட்டவரைத் தெரிந்தெடுப்பது? பட்டங்களையும் சுவரில் தொங்கும் சான்றிதழ்களையும் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. விண்ணப்பம் நிரப்பும் அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசி எண் என்ற இடத்தில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். ‘உங்களுக்கு அடிக்கடி ஓ.டி.பி. வந்து தொந்தரவாயிருக்கும், என் எண்ணையே போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்பவர் நல்ல எண்ணத்துடனேயே சொல்லலாம். இருந்தாலும் அவர் வேண்டாம். அவரிடம் முன்பே காரியம் ஒப்படைத்திருக்கும் ஒருவரைக் கண்டு, ‘ஆள் எப்படி’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ‘தங்கமான மனிதர்’ என்றுதான் சொல்வார்கள். ‘கடைசியாக உங்களுக்கு நோட்டீஸ் வந்தது எப்பொழுது? அவர் எத்தனையாவது நாளில் சொன்னார்?’ என்று கேளுங்கள். கெட்ட செய்தியைக் கொண்டுவரக் கூசாதவராக இருப்பதே இந்த வேலைக்கு முதல் யோக்கியதை. வாடிக்கைக்காரர் முகம் வாடுமே என்று நோட்டீஸை ஒரு வாரம் பையில் வைத்திருக்கும் தாக்ஷிணியக்காரர், சோம்பேறியைவிட ஆபத்தானவர். பதிவை ரத்து செய்ய வரும் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 7 வேலைநாள்தான் அவகாசம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறவினரை வைக்கலாமா என்ற கேள்வி நம் சபையில் எழாமலிராது. அத்தான் மகன் பி.காம். படித்திருக்கிறான், அவனுக்கும் ஒரு பிழைப்பாகட்டும் என்ற எண்ணம் நல்லதே. எனினும் உறவினரிடம் கணக்குக் கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை. ஒப்பந்தச் சட்டமோ, எசமானன் கேட்டபொழுதெல்லாம் காரியஸ்தர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்று 213-ம் பிரிவில் சொல்கிறது. நம் உறவின்முறைகளில் மகமை வசூலித்த முறைகாரரும் நமக்கு உறவினர்தாமே? அவர் வசூலித்ததைச் சபை நடுவில் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. அதை யாரும் சந்தேகமென்று எண்ணவில்லை. அந்த வழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவரக்கூடுமானால் அத்தான் மகனைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கூடாதென்றால் அந்நியரே மேல்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பல வீடுகளில் கடைப் பதிவு மனைவியின் பெயரில் இருக்கிறது. எண் கணவனுடையதோ ஆடிட்டருடையதோவாக இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் நீங்கள் போட்டிருப்பீர்கள். பாக்கி ஏற்பட்டால் முடங்குவது உங்கள் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கு. நீங்கள் மகள் கலியாணத்திற்கென்று போட்டுவைத்த டிபாசிட்டும் அதில் அடங்கும். ஆகையால் உங்கள் பெயரில் கடையிருந்தால் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். வரும் செய்தியைப் படிக்கச் சிரமமாயிருந்தால் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே என்னைப்போல் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கும் வழியுண்டு. பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர்கள் தங்கள் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுக்கொண்டு, விவரம் கொடுக்க மறுக்கிறார்களென்று நாடெங்கும் புகார் எழுந்ததால், 2018 ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் ஒரு வழியை அறிவித்தார்கள். உங்கள் பதிவு எந்த வரி அதிகாரியின் எல்லைக்கு உட்பட்டதென்பதை ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே பதிவு எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். வியாபாரம் உங்களுடையதென்பதற்கு உரிய தஸ்தாவேஜுகளுடன் அவ்வதிகாரியிடம் போனால், அவர் பரிசீலித்துப் புது எண்ணையும் மின்னஞ்சலையும் ஏற்றுவார். உள்நுழையும் பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும் அந்தப் புது மின்னஞ்சலுக்கு வந்து சேரும். பழைய ஆளைத் தேடிக் கெஞ்சவேண்டியதில்லை. கடவுச்சொல் கைவசம் இருப்பவர்களுக்கோ அதிகாரியிடமும் போகவேண்டாம். இணையதளத்தில் தாமே மாற்றிக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குச் சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் என் தமையனார் குமாரனும், காலேஜில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவரும் ஒரு கம்ப்யூட்டருடன் இருப்பார்கள். கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கும் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தாலும் சரியே. உங்கள் பதிவில் எவருடைய எண் ஏறியிருக்கிறதென்று பார்த்துச் சொல்வார்கள். கடவுச்சொல் தெரிந்தவர்கள் அதை அவர்களிடம் வாயால் சொல்லவேண்டாம், தாங்களே தட்டிக்கொள்ளலாம்.